வெடித்தால் ஓடுகிற மாப்பிள்ளை

காமா கதிர் வெடிப்பைக் கண்டுபிடிப்பது செயற்கைக்கோளின் வேலை. செய்தி வந்ததும் சோற்றுக் கையோடு ஓடுவது என் வேலை. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும். அந்தக் கதிரை நம் காற்று மண்டலம் தரைக்கு விடாது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்தான் பார்த்துத் திசை சொல்லும். மிச்ச வெளிச்சம் மங்குவதற்குள் ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் தொலைநோக்கியை நான் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். கூப்பிட்டால் ஓடும் பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

பட்டப்பகலில்

மலைமேல் குவார்ட்டர்ஸில் நான் ஒண்டிக்கட்டை. பேச்சுத்துணைக்கு மெஸ் சமையல்காரர் மட்டும்தான். ஒரு மத்தியானம் சாமைச் சோற்றில் குழம்பு ஊற்றும்போது கைப்பேசி அலறியது. "வெடிச்சிடுச்சு!" என்று எழுந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சூரியன் இருக்கும்போது தொலைநோக்கியைத் திருப்பி என்ன பயன்? அசடு வழிய உட்கார்ந்தேன். சமையல்காரர் இன்னொரு கரண்டி வைத்தார். "பகல்ல வெடிச்சா நமக்கு இன்னா சார், துன்னுங்க."

பன்றி வெடி

புதூர்நாட்டு ஜீப்பில் ஒருமுறை, "எந்தப் பக்கம் வெடிச்சிருக்கு?" என்று போனில் கத்தினேன். பக்கத்தில் புளி மூட்டையோடு இருந்தவர் முகம் வெளுத்துவிட்டது. "பன்னிக்கு நாங்க வெடி வெக்கிறதே இல்லிங்க சார்" என்றார், என்னை வனத்துறை ஆள் என்று நினைத்து. இது வானத்தில், பல நூறு கோடி வருடத்துக்கு முன்னால் வெடித்தது என்று விளக்கினேன். நிதானமாக யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கேஸு ஒண்ணும் இல்லிங்களே?"

படவேட்டில்

வயது ஏறிய பிறகு ஒரு வரன் கூடி வந்தது. இதையும் விட்டால் மலையிலேயே தனியாகக் கிழடு தட்டிவிடும் என்று நிஜமாகவே பயந்தேன். ஒரு சாயங்காலம் பெண் பார்க்கப் படவேடு போனேன். காபி கொடுக்கும்போது பெண் லேசாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அலறியது கைப்பேசி. எனக்கு மாற்று ஆள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு மாப்ள?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஒரு நட்சத்திரம் செத்துப் போச்சுங்க" என்று உளறினேன்.

பொருத்தம் பார்த்த ஜாதகங்கள் இன்னும் தாம்பாளத்திலேயே இருந்தன. அவர் மெதுவாகக் கேட்டார்: "எம் பொண்ணு ரோகிணிங்க. அதுக்கு ஒண்ணும் இல்லியே?"

கிடைத்ததா?

பைக்கில் மலையேறி வந்தால் வானம் பூரா மேகம். மறுநாள் அவளே போன் செய்தாள்.

"நேத்து வெடிச்சது கெடச்சுதாங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை வீட்டு மனிதர் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"மேகம் மறைச்சிடுச்சுங்க."

"அடுத்தது எப்ப வரும்?"

"எப்ப வேணா வரும்."

அங்கே குக்கர் விசில் அடித்தது. அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க ஆசையாக இருந்தது.

"எங்கப்பா சகுனம் பாக்குறாரு, அத நான் பேசிக்குவேங்க. ஆனா நீங்க எப்ப வேணா எழுந்து போய்டுவீங்க. அந்த மலையில நான் யாராண்ட பேசிட்டு இருக்கறது?"

செவ்வாய் தோஷத்துக்காவது கோயில் குளம் என்று பரிகாரம் இருக்கிறது. செயற்கைக்கோள் தோஷத்துக்குத் தனியாக உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிடுவது ஒன்றுதான் பரிகாரம்.