அட்மின் சாரின் சாயங்காலம்

எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் முதலில் தண்ணீர்த் தம்ளரை விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு முகர்கிறார். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மருந்து இரண்டு சொட்டு விட்டுக் குலுக்குகிறார். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது, உட்காரலாம். மாறாவிட்டால் எழுந்துவிடுவார். பரிமாறுகிறவர் தட்டும் கையுமாக நின்று பார்ப்பார்.

"சார் ஹெல்த் டிபார்ட்மென்டா?"

"சாப்பிட வந்தவன்தாம்ப்பா. உங்க மாடித் தொட்டியக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

அவர் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் மாநாடு கூடுவார்கள். அவர் அங்கே கட்டுரை வாசித்ததில்லை, மேடையில் ஏறியதில்லை. பகலில் கடைசி வரிசையில் தூங்குவார். ஆனால் ஆறு மணிக்கு மேல் மாநாடு அவருடையது. 'சாயங்காலம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். எங்கே சாப்பிடுவது, எங்கே நடப்பது, எத்தனை வண்டி, யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் அதில் வரும். எல்லாருக்கும் அவர் அட்மின் சார். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர் இருக்கிறது. அது எப்போதும் உள்பக்கம் திரும்பியே தொங்கும். யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்த ஊருக்குப் போய்விடுவார். கால்நடையாகவே சுற்றி, கடை கடையாக ஏறித் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதுவார். 'ஆத்தோரக் கடை. தண்ணி அருமை. கை கழுவுற இடமும் சுத்தம்.' கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே விடுதி வரவேற்பறைத் தூணருகே போய் நின்று, வருகிறவர்களை விரல் நீட்டி எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் வண்டி நகராது.

"மூணு நாள் போயி என்ன கிழிச்சீங்கன்னு கேட்டா, ஊருக்கெல்லாம் பந்தி வச்சேம்பீங்க," என்பாள் மனைவி, பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே. "அவங்க காசுல ஒரு டீயாவது உங்களுக்கு வாங்கிக் குடுத்திருக்காங்களா?"

"உனக்குத் தெரியாதும்மா. நான் இல்லேன்னா அவனவன் ரூம்ல பிஸ்கட்டத் தின்னுட்டுப் படுத்துடுவான்."

அதில் பொய்யில்லை. சில வருடங்களுக்கு முன்னால் நுண்ணுயிர்ப் பிரிவிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். யாரையும் தெரியாமல் வரவேற்பறை நாற்காலியில் உண்மையாகவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, நம்பரக் குடு," என்று குழுவில் சேர்த்தவர் அவர்தான். அன்றிரவு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள். இன்று அவள் அந்தப் பிரிவுக்கே தலைவி.

அவரோடு சாப்பிடுவது சுலபம் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் தண்ணீர்தான் தொழில். ஆனாலும் மற்றவர்கள் ஆறு மணிக்கு அதைக் கழற்றி மாட்டிவிடுவார்கள். அவர் கழற்றமாட்டார். பசியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, குழாயைக் குலுக்கிப் பார்த்து, "எந்திரிங்க, வேற கடை பாப்போம்," என்று கிளப்பியிருக்கிறார். "சார், ஒரு நாளாவது பகவானேன்னு சாப்பிட விடுங்க சார்," என்று கும்பிட்டவர்கள் உண்டு. அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் அவருக்குக் கடைசி மாநாடு. ஓய்வு பெறப்போகிறார். கடைசி நாள் சாப்பாட்டுக்கு ஆற்றோரக் கடையில் நீள மேசை சொல்லி வைத்தார். அடுத்த தெருவில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சாப்பாட்டுக் கடையை, 'கண்ணாடிக் கடை' என்று இரண்டாவதாகக் குறித்துக் குழுவில் போட்டிருந்தார். மறுநாள் அந்தப் பக்கமாகப் போனபோது, சமையல்கட்டுக்கு ஐஸ் கட்டிகளைச் சாக்கில் போட்டு நடைபாதையில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். எல்லாரும் ஆற்றோரக் கடைக்குச் சரி என்றுவிட்டதால் அதை எழுதவில்லை. அவருக்கு மனம் வேறு வேலையில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

புதுச் சட்டையோடு தூணருகே நின்றபோது செய்திகள் வரத் தொடங்கின. 'சார், தலைவலி. மாத்திரை போட்டுட்டேன்.' 'காலைல சீக்கிரம் டிரெயின் சார், மன்னிச்சுக்கோங்க.' 'வயிறு சரியில்ல அட்மின் சார்.' நுண்ணுயிர்ப் பெண் கடைசியாக எழுதினாள்: 'ரொம்ப டயர்ட் சார். நீங்களும் ரெஸ்ட் எடுங்க.' ஒவ்வொருவருக்கும் 'உடம்பைப் பாத்துக்குங்க' என்று தனித்தனியாகப் பதில் போட்டார். ஆற்றோரக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒரே நேரத்துல உடம்பு முடியாமப் போச்சுங்க," என்று மன்னிப்புக் கேட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது.

பசிக்கு ஏதாவது பார்க்கலாம் என்று அடுத்த தெருவுக்கு நடந்தார்.

கண்ணாடிக்கு உள்ளே அத்தனை பேரும் இருந்தார்கள். தலைவலி, வயிறு, காலை ரயில், எல்லாம். மேசையின் ஒரு முனையில் நுண்ணுயிர்ப் பெண் ஒரு கையில் போனோடு நின்று, மறுகை விரலை நீட்டி நீட்டித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது உதடு அசைவதுகூட அவரைப் போலவே இருந்தது. அப்படியானால் இதற்கும் ஒரு குழு இருக்கிறது. கடை மட்டும் அவர் பார்த்துக் கொடுத்தது.

பரிமாறுகிறவர் பழச்சாறு கொண்டுவந்தார். தம்ளர் தம்ளராக ஐஸ் மிதந்தது.

அவர் போனை எடுத்தார். திட்டி ஒரு வரி எழுதினார், அழித்தார். இன்னொரு வரி எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் 'சாயங்காலம்' குழுவில் இதைப் போட்டார்: 'கண்ணாடிக் கடைல ஐஸ் வேண்டாம். வெளிய வாங்குற ஐஸ். சாக்குல வருது.'

மேசை நெடுகப் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் போட்டன. பேச்சு நின்றது. தலைவலிக்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வயிற்றுக்காரர் கரண்டியால் ஐஸ் கட்டியை எடுத்துச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். அவர் நின்ற ஜன்னல் பக்கம் மட்டும் யாரும் பார்க்கவில்லை. நுண்ணுயிர்ப் பெண் படித்தாள். போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள். ஏதோ சொன்னாள், மேசை முழுவதும் சிரித்தது. தன் தம்ளரை எடுத்தாள். ஐஸ் அதிலேயே கிடந்தது.

"வேணாம்மா," என்று அவர் வாய்விட்டே சொன்னார். கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினார். அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் வட்டமாக மங்கல் படிந்திருந்தது. ஓங்கிய கையை இறக்கிக் கைக்குட்டையை எடுத்து, பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் புட்டியைத் துடைப்பதுபோல ஓரத்திலிருந்து ஓரம் வரை அதை நிதானமாகத் துடைத்தார்.