அட்டைத் துரைக்கு மாலை போட்ட கதை

செத்துப்போன மனிதர் ஒருவர் ஒரு வியாழக்கிழமை காலை என் கடைக்குள் நடந்து வந்து, "இஞ்ச ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். நானும் மனைவி மலரும் ஒருவரையொருவர் கைகாட்டினோம்.

லண்டன் ஸ்ட்ரெதமில் இருபத்தாறு வருடம் ஓப்-லைசென்ஸ், அதாவது போத்தலில் மது விற்கும் கடை, நடத்திவிட்டு இப்போதுதான் சாவியைக் கைமாற்றியிருக்கிறேன். கடை எடுக்க நினைக்கும் இளசுகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கேமரா, லைசென்ஸ் பற்றியெல்லாம் வேறு ஆட்கள் சொல்லுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு சங்கதிதான்.

1. துரை

கடையை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்தது ஓர் ஆளுயர அட்டை. ஒரு காலத்தில் டிவியில் கொடிகட்டிப் பறந்த நடிகர், ஒரு மலிவான இனிப்பு வைனுக்குக் கொடுத்த விளம்பரம். வெல்வெட் கோட், கையில் கிளாஸ், ஒற்றைப் புருவம் மேலே. காலடியில் "இதைவிட நல்லதை நான் குடித்ததில்லை" என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். நாங்கள் அவருக்குத் துரை என்று பெயர் வைத்தோம்.

துரை இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம். முருகனுக்கு நேர்த்தி வைத்து நான் மதுவைத் தொடுவதில்லை. மலருக்கு வாசனையே ஆகாது. "இந்த வைன் எப்படி?" என்று யாராவது கேட்டால் துரையைக் காட்டிவிடுவேன். புருவத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

2. பூசை

சரஸ்வதி பூசையன்று தொழில் செய்யும் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கடை நடத்திய கடைசி வருடமும் கல்லா, பிரிட்ஜ், கார்ட் மெஷின், விலை ஒட்டும் கன் எல்லாம் பொட்டோடு நின்றன. மலர் துரையைப் பார்த்தாள்.

"அந்தாளும்தானே உழைக்குது" என்று அவர் நெற்றியிலும் வைத்தாள். சரஸ்வதி படத்துக்கு வாங்கிய மாலை நீளம் கூடிப்போனதால் அதுவும் துரையின் கழுத்துக்குப் போனது. காலடியில் ஒரு பற்றரி விளக்கு. அப்படியே ஜன்னலில் நிறுத்திவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஆர்ச்வே கோயிலுக்குப் போய்விட்டோம்.

எங்கள் ஆட்கள் படத்தில் இருக்கும் மனிதருக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் கணக்கில் துரையும் பிரிட்ஜும் ஒன்று.

அந்த வழியால் வந்த எங்கள் ஊர்ப் பிள்ளை சுகந்திக்கு உறைத்தது. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. பூட்டிய கடை, மாலை, விளக்கு. நின்று கும்பிட்டுவிட்டு, தான் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவியிடம் போய், "உங்கட நடிகர் போயிட்டார்" என்று சொல்லிவிட்டாள். கிழவி அழுது, பூ வாங்கி அனுப்பினாள். யாரோ அதைப் போனில் படம் எடுத்து உலகம் முழுக்க அனுப்ப, மறுநாள் என் கடை வாசலில் பூவும் கார்டுகளும் குவிந்துவிட்டன.

அதைப் பார்த்து நானும் ஆள் போய்விட்டார் என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, அந்த வைனை வாசலுக்கு முன்னால் அடுக்கினேன். "உங்களுக்குப் பழக்கமோ?" என்று கேட்டவர்களிடம், கூசாமல், "அடிக்கடி வருவார், தங்கமான மனிசன்" என்றேன். இரண்டு நாளில் ஒரு போத்தல் மிச்சமில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

3. துரை வந்தார்

இனி அவர் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"என்னைச் சாகடிச்சது நீர்தானோ?"

"சேர், அது பூசை..."

"பதினொரு வருசத்துக்குப் பிறகு ஒரு வேலை கிடைச்சது. நேற்றுப் போன் எடுத்து எத்தின மணிக்கு வரவேணும் எண்டு கேட்டன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுது அங்க இருந்த பிள்ளை. வேற ஆளையும் எடுத்திட்டாங்கள்."

"என்ன வேலை, சேர்?"

கொஞ்சம் தயங்கினார். "விளம்பரம். செத்தவீட்டுச் செலவுக்கு முன்கூட்டியே கட்டுற திட்டம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவருடைய கோலத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எண்பத்திரண்டு வயது. வெல்வெட் கோட் இல்லை, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை.

மலர்தான் வழி சொன்னாள். "இஞ்சருங்கோ, நிண்டு யோசிக்காமல் மாலையைக் கழட்டி ஆளுக்குப் போட்டுப் படம் எடுங்கோ."

அட்டைக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தி, மாலையை மாற்றி, உண்மையான நெற்றியில் பொட்டும் வைத்தோம். துரை பழக்கதோஷத்தில் புருவத்தை உயர்த்தினார். சுகந்தியைக் கூப்பிட்டுப் படத்தைக் கையில் கொடுத்தேன். "தொடங்கினது நீ, நீயே முடி" என்றேன்.

"ஐயோ அண்ணை, மாலையும் விளக்கும் இருந்தால் நான் வேற என்னெண்டு நினைக்கிறது?" என்றாள். நியாயம்தான்.

உயிர்த்தெழுந்த செய்தி செத்த செய்தியைவிட வேகமாக ஓடியது. பின்னேரம் மூன்று மணிக்குத் துரையின் போன் அடித்தது. செத்தவீட்டு விளம்பரத்துக்கு ஒருமுறை செத்துப் பார்த்தவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லையாம். வேலை அவருக்கே.

4. கார்டுகள்

அதுவரைக்கும் அவர் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கு வந்த அனுதாபக் கார்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேக்க ஒருத்தரும் இப்பிடி எழுதேல்ல" என்றார்.

பிறகு சிரித்துக்கொண்டு ஒரு கார்டை நீட்டினார். கிழவியின் கார்டு. "உங்கள் முகத்துக்காக நாற்பது வருடம் அந்த வைனைக் குடித்தேன். படுமோசம். ஆனாலும் நன்றி."

"உண்மையே, சேர்? அவ்வளவு மோசமோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு மிடறும் குடிச்சதில்லை. கிளாஸில இருந்தது தேத்தண்ணி."

"நானும் குடிச்சதில்லை" என்றேன். இரண்டு கள்ளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சுகந்தியோடு போய்க் கிழவியைப் பார்க்கப் புறப்பட்டார். வாசலில் நின்று திரும்பினார். "கொண்டுபோக உண்மையில நல்லது ஒண்டு தாரும்."

மூன்று சுவர் முழுக்க வைன். இருபத்தாறு வருடமாக விற்கிறேன். எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பின்தட்டில் இருந்த நெல்லி கிரஷ் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரில் கலந்து குடிப்பது, எங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறோம்.

மறுகிழமை சுகந்தி வந்து அதில் ஆறு போத்தல் கேட்டாள்.

"ஆருக்கு இவ்வளவும்?"

"அந்த வெள்ளைக்கார மனுசிக்கும் கூட்டாளிமாருக்கும். துரை சொன்னவராம் நல்லதெண்டு."

"அவர் குடிச்சுப் பாத்தவரோ?"

"ஓம் அண்ணை. எனக்கு முன்னால ரெண்டு கிளாஸ்."

கடை எடுக்கிற பிள்ளைகளே, விற்கிற சாமானில் ஒன்றையாவது வாயில் வைத்துப் பாருங்கள். மாலை போடுமுன் ஆள் இருக்கிறாரா என்றும் ஒருதரம் விசாரியுங்கள்.