அத்தாராளின் கிடாரி

கிணற்றிலிருந்து திரும்பும்போது அத்தாராள் ஊர்வாசலுக்குப் பத்தடி முன்னால் நிற்பாள். வலது தோளிலிருக்கும் குடத்தை இடது தோளுக்கு மாற்றிக்கொள்வாள். வாசலுக்கு இடப்புறம் கல்லிருக்கைகளில் மூப்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குடம் அவர்கள் பக்கம் வந்துவிடும், முகம் அதன் பின்னால் மறைந்துவிடும். வாசலைத் தாண்டியதும் குடம் மறுபடி வலது தோளுக்குப் போகும். ஒரு சொட்டு சிந்தாது. புருஷனை இழந்தவளின் அடக்கம் என்று மூப்பர்கள் மெச்சிக்கொண்டார்கள். அவளுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் யாமின் காய்ச்சலில் இறந்த மாதமே, அவனுடைய அண்ணன் எல்லைக்கல்லை நான்கு முழம் நகர்த்தி நட்டான். எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்பது எங்கள் என்சாக்கேத் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவள் ஊர்வாசலுக்குப் போய் மூப்பர்களிடம் முறையிட்டாள். அறுப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு பண்டிகை முடியட்டும் என்றார்கள். மூன்று வருடம் அறுப்பும் பண்டிகையும் முடிந்துகொண்டேயிருந்தன. கல் அங்கேயே இருந்தது.

அவளிடம் மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு கழுதை, ஒரு கிடாரிக் கன்று. பக்கத்து ஊரான கெபாரிமில் தங்கை வீட்டில் ஒற்றை எருது இருந்தது. கிடாரி வளர்ந்ததும் இரண்டையும் ஜோடி சேர்த்து இரு வீட்டு நிலத்தையும் உழுவதாகப் பேச்சு. அதற்காகத்தான் அதை மூன்று வருடம் வளர்த்தாள். வரும் மழைக்கு முதல் உழவு.

அந்த மழைக்கு முந்தைய மாதம், ஒலிவம் பறிக்கும் நாட்களில், எங்கள் ஊருக்கும் கெபாரிமுக்கும் நடுவே வெளியில் ஒரு பிரேதம் கிடந்தது. வழிப்போக்கன். தலையில் அடிபட்டிருந்தது. அடித்தவன் யாரென்று தெரியவில்லை. அப்படி நேர்ந்தால் செய்யவேண்டியது கர்த்தரோடு எங்களுக்குள்ள உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பிரேதத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு அளக்க வேண்டும். கிட்ட இருக்கும் ஊரின் மூப்பர்கள், நுகமே படாத ஒரு கிடாரியை நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, இந்த இரத்தத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்று கர்த்தருக்கு முன்பாகச் சொல்ல வேண்டும்.

அளவுகயிற்றின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். என்னோடு நடந்து வந்தவர் எங்கள் மூப்பர்களில் பெரியவரான அமிசபாத்.

"இழுக்காதப்பா, கயிறு அறுந்துடப் போவுது. மெதுவா பிடி" என்றார்.

கயிறு தொய்ந்தால் அளவு கூடி எங்கள் ஊர் தள்ளிப்போகும். கெபாரிம் மூப்பர் ஒருவர் சிரித்தார். "என்ன அமிசபாத், கயிறும் உங்க பேச்சு மாதிரியே நெளியுது?"

தொய்வாகப் பிடித்தும் எங்கள் ஊர்தான் கிட்ட வந்தது.

அன்று மத்தியானமே யாருடைய கிடாரி என்ற பேச்சு வாசலில் தொடங்கியது.

"எங்க வீட்டுது எல்லாம் உழுத மாடு" என்றார் அமிசபாத்.

"என்னுதும் போன மழைக்கே ஏர்ல பூட்டியாச்சு" என்றார் அவர் பக்கத்திலிருந்த மூப்பர் சக்கூர். "அத்தாராள் வீட்டுல ஒண்ணு சும்மாதானே நிக்குது?"

அமிசபாத்தின் தெற்குத் தொழுவத்தில் ஒரு செவலைக் கிடாரி நிற்பது ஊருக்கே தெரியும். அதன் கழுத்தில் பிள்ளைகள் கட்டிவிட்ட பூவைத் தவிர எதுவும் பட்டதில்லை. அங்கே நின்ற இருபது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த இருபதில் நானும் ஒருவன். அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அவளை அழைத்து வந்தார்கள்.

"அம்மாடி, உன் கிடாரி ஊருக்கு வேணும்" என்றார் அமிசபாத்.

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. ஊர்மேல இரத்தப்பழி நிக்குது."

"ஊர்மேலயா, உங்கமேலயா? கைகழுவப் போறது நீங்கதானே?"

"நாங்க ஊருக்காகக் கழுவுறோம்."

"அப்ப உங்க மாட்டை ஊருக்காக முறிங்க. மழை பெஞ்சா நான் எதை வச்சு உழுவேன்? இந்தப் புள்ளைங்களையா பூட்டுவேன்?"

"கர்த்தர் உனக்கு ரெட்டிப்பா குடுப்பாரும்மா."

"உங்களுக்கும் குடுப்பாரே. நீங்க ஏன் வேணாங்கிறீங்க, பெரியவரே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அமிசபாத் சிரிக்கவில்லை. "காலையில லேவியர்கள் வந்துடுவாங்க. கயித்தோட கொண்டுவந்து வாசல்ல கட்டு. இதுக்குமேல பேச்சில்ல."

விதவைக்கும் திக்கற்றவர்களுக்கும் நியாயம் செய்வதற்கென்று போடப்பட்ட கல்லில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் இதைச் சொன்னார்.

மறுநாள் சடங்கை நடத்தும் லேவியர்கள் வந்தார்கள். அத்தாராளும் சொன்னபடி கிடாரியோடு வந்தாள். பின்னால் மூத்த மகள் கலப்பையை இழுத்து வந்தாள், சின்னவள் நுகத்தடியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தாராள் நுகத்தின் ஒரு பக்கத்தைக் கிடாரியின் கழுத்தில் வைத்துப் பூட்டினாள். மறுபக்கத்துக்கு மாடு இல்லை. வீட்டில் கழுதை இருந்தது, ஆனால் மாட்டையும் கழுதையையும் சேர்த்து உழுவது எங்களுக்கு விலக்கப்பட்டது. அவ்வளவு கோபத்திலும் அவள் அதை மீறவில்லை. குனிந்து, மறுபக்கத்தைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"பிடிடி மேழியை" என்றாள் மகளிடம்.

கிடாரி மிரண்டு விலகியது. அவளையும் சேர்த்து இழுத்தது. காய்ந்த மண்ணில் கலப்பைக் கொழு சறுக்கியது, பிறகு பிடித்தது. வாசலிலிருந்து களம் வரைக்கும் ஒரு உழவுச் சால் விழுந்தது, குழந்தை கிறுக்கின கோடு போல. திரும்பி நின்றபோது அவள் கழுத்துத் தோல் உரிந்திருந்தது.

லேவியர்களில் மூத்தவர் கேட்டார்: "இது நுகம் பட்டுச்சா?"

"இப்பத்தான் ஐயா, வேணும்னே பண்றா" என்றார் சக்கூர்.

"எப்பன்னு நான் கேக்கல. பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு."

"அப்ப ஆகாது. வேற யார்கிட்ட இருக்கு?"

அத்தாராள் நுகத்தைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்: "அமிசபாத் பெரியவர் வீட்டுத் தெற்குத் தொழுவத்துல செவலை ஒண்ணு நிக்குது ஐயா. கழுத்தைத் தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தார்கள். பட்டுப்போல இருந்தது. முந்தின நாள் உழுத மாடென்று சொன்னவர், "நான் அதை மறந்தே போயிட்டேன்" என்றார்.

பள்ளத்தாக்கில் செவலையின் கழுத்து முறிந்தது. மூப்பர்கள் ஓடையில் கைகழுவினார்கள். எல்லாரையும்விட அதிக நேரம் கழுவியவர் அமிசபாத். கொலையில் கையில்லை, கண்ணால் கண்டதுமில்லை என்று உரக்கச் சொன்னார்கள். ஊர் சுத்தமானது.

அதற்குப் பிறகு அத்தாராளின் எல்லைக்கல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. களத்தில் போரடிக்கும் முறை அவளுக்குக் கடைசியாகத்தான் வந்தது, மழை தூறத் தொடங்கிய பிறகு. பிள்ளைகள் அவளை 'நுகக்காரி' என்று கூப்பிட்டார்கள். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்காமல் அவர்களுக்கு அது வந்திருக்காது. அவள் தங்கை வீட்டு எருதோடு கிடாரியைப் பூட்டி உழுதாள், விதைத்தாள், பெண்பிள்ளைகளுக்கு வாற்கோதுமை அப்பம் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் கிடாரி ஈன்றது. பெண்கன்று. பால்குடி மறந்ததும் அத்தாராள் அதை ஓட்டிக்கொண்டு எங்கோ போனாள். நான்கு நாள் கழித்துத் தனியாகத் திரும்பினாள்.

"கன்னுக்குட்டி எங்க, நுகக்காரி?" என்று சக்கூரின் மனைவி கிணற்றடியில் கேட்டாள். "அன்னிக்கு ஊருக்குக் குடுக்க மனசு வரல. இன்னிக்கு விக்க மட்டும் வந்துச்சாக்கும்?"

"தண்ணி மொண்டுட்டீங்கன்னா நகருங்க" என்றாள் அத்தாராள்.

விற்றுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஏழைக்கு விற்பதை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது என்று அவளுக்காக மனதுக்குள் வாதாடியும் கொண்டேன்.

அத்தாராள் இறந்த மறு வருடம் திரிகைக்கல் வாங்க பெத்ரிம்மோனுக்குப் போனேன், இரண்டு நாள் நடை. ராத்தங்க இடம் கொடுத்த வீட்டில் ஒரு விதவை இருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். எங்கள் ஊருக்கு வெளியே அடிபட்டுச் செத்தவன் அவள் புருஷன். அன்று பொழுது சாய அவன் அமிசபாத் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். அவரே வந்து, இடமில்லை, வழியைப் பார் என்று அனுப்பியிருக்கிறார். அதைத் தன் வாசலிலிருந்து பார்த்தவள் அத்தாராள். கூப்பிட்டு அப்பமும் வறுத்த கோதுமையும் கொடுத்து, பேரும் ஊரும் கேட்டிருக்கிறாள். பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்று அவன் தங்காமல் நடந்துவிட்டான். ஒற்றைச் சாட்சி, அதுவும் பெண் சாட்சி, எங்கள் வாசலில் செல்லாது என்பதால் அவள் அங்கே வாய் திறக்கவில்லை. புதைத்த இடத்தையும் நடந்ததையும் கெபாரிம் தங்கை மூலம் சொல்லியனுப்பியது அவள்தான்.

காலையில் அந்த வீட்டுத் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். அத்தாராள் ஓட்டிவந்து காசு வாங்காமல் விட்டுப்போன கன்று அது, இப்போது கறவைப் பசு.