பால் கொட்டகையில் ராயர் சொன்ன பொய்

1927 கோடை விடுமுறை. காலை எட்டரை மணிக்கு ஈப்போ புந்தோங்கில் என் மைத்துனர் வீட்டிலிருந்து வாடகைக் கார் புறப்பட்டது. கோலா கங்சார் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்வர டிரைவர் முனுசாமி எட்டு வெள்ளி கேட்டார், ஒத்துக்கொண்டோம். மறுநாள் மாலை பினாங்கில் நாகப்பட்டினம் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்துத்தான். நாங்கள் கூட்டிப்போக வந்த மாதவனின் அம்மா ஊரில் அதுவரை தாங்கமாட்டாள்.

பக்கத்தில் ராயர் உட்கார்ந்திருந்தார். மைசூரில் நான் கணக்குச் சொல்லித்தரும் கல்லூரியில் அவர் கன்னடப் பேராசிரியர். சமையற்காரர் மகன், கோயில் சோற்றில் படித்து, பழைய ஏடுகளைப் பதிப்பித்துப் பெயர் வாங்கியவர். புதிதாக எழுதுகிறவர்களுக்கு அவர் விமரிசனம் என்றால் பயம். சம்பந்தி எழுதிய நாடகத்தையே, "காகிதம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு, மகளைப் பார்க்க ஒரு வருஷம் போக முடியாமல் இருந்தவர். செல்ல மாணவன் மாதவனின் கவிதைப் புத்தகத்தையும் அப்படித்தான் கிழித்தார். அவன் கப்பலேறி இங்கே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிவிட்டான்.

செம்மோர் தாண்டியதும் சுண்ணாம்புமலைகள் விலகி இருபுறமும் ரப்பர் மரங்கள் வந்தன. பார்க்க எனக்கு மனமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் "அம்மா சீரியஸ், உடனே வா" என்று மாதவனின் அப்பா தந்தி கொடுத்தார். பையன் அலறியடித்துக்கொண்டு ஊருக்கு ஓடினான். அம்மா கட்டிலில் முனகிக்கொண்டிருந்தாள்; கூடத்தில் கல்யாணம் பேச வந்த பெண் வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டான். இப்போது நோய் நிஜம். வயிற்றில் கட்டி. தந்திக்குப் பதிலே இல்லை. "கவிதையைப் புகழுங்கள், வந்துவிடுவான்" என்று அப்பா ராயரிடம் கெஞ்சினார். ராயர், "நோயைத்தான் சொல்வேன்" என்று கிளம்பிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான்.

சுங்கை சிப்புட் கடந்து தோட்டத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று.

"தொரை பங்களாவுக்குப் போயிட்டாரு. ஒரு மணிக்கு வந்துருவாரு, அதுக்குள்ள பேசிருங்க லா. வெளியாளுங்களப் பார்த்தா கத்துவாரு" என்று விசாரித்து வந்து சொன்னார் முனுசாமி.

ரப்பர் பால் அளக்கும் கொட்டகையில் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு வரிசையாக நின்றார்கள். மாதவன் ஒவ்வொரு வாளியிலும், தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி மானியை மிதக்கவிட்டுப் பார்த்தான். ஒரு பெண், பாலில் மழைத்தண்ணி தானாக விழுந்தது என்று சாதித்தாள். அவன் மானியைப் பார்க்காமல் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "மழ நேத்து பெய்யவே இல்லயே, அக்கா" என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

எங்களைக் கண்டதும் வந்து ராயரின் காலைத் தொட்டான். கன்னடத்தில்தான் பேசிக்கொண்டார்கள். ராயர் நோயைச் சொன்னார். டாக்டர் சொன்னதையும், தாமே போய்ப் பார்த்ததையும் சொன்னார். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அம்மா போன தடவையும் படுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஐயாவையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றான். நான் சத்தியம் பண்ணினேன். அப்பாவும் தந்தியில் சத்தியம் பண்ணியிருந்தாராம். காபி வரவழைத்தான். கார் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு அடித்தது. துரை வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அவன் வாளிகளிடம் திரும்பப் போனபோது ராயர் கூப்பிட்டார்.

"மாதவா, உன் புத்தகத்தை மறுபடி படித்தேன். நான் எழுதியது தப்பு. நல்ல கவிதைகள்."

தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பாடா, சொல்லிவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன்.

மாதவன் அவர் முகத்தையே பார்த்தான், அந்தப் பெண்ணைப் பார்த்த மாதிரி.

"ஐயா, நீங்களே பொய் சொல்கிறீர்கள் என்றால்... அம்மாவுக்கு அவ்வளவு முடியவில்லையா?"

ஆமாம் என்று ராயர் தலையாட்டினார்.

மாதவன் மானியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தான். பங்களாவுக்கு ஓடி, துரை லீவு தந்தாரா இல்லையா என்று எங்களுக்குச் சொல்லாமலே, ஒரு துணிப்பையோடு வந்து காரில் ஏறினான்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை எப்படி நம்பினாய்?" என்று கேட்டாள். அவன் வாசலைப் பார்த்தான். உள்ளே வரத் தயங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல், ராயர் அங்கேயே நின்றிருந்தார்.