விரிசலுக்குக் குறுக்கே ஒரு கம்பி

என் மூத்த பேரன் சந்தோஷ் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை சசிகலா நர்சிங் மூன்றாம் வருடம். சின்னவள் செல்வி ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தாள். சொந்தக்காரர்களுக்கும் முன்னால் இதையெல்லாம் கேட்டவள், கள்ளக்குறிச்சியில் பல்செட்டு ரிப்பேர் பார்த்த தனம். போன செவ்வாய்க்கிழமை அவள் இறந்துபோனாள் என்று மலைமேல் எங்கள் ஊர் வெள்ளிமலைக்கு வந்த ஜீப் டிரைவர் சொன்னார். நுரையீரலில் கோளாறாம். நாற்பத்திரண்டு வயசு. நான் சரி என்றேன். உள்ளே போய் சாமைச் சோறு சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

முதல் தடவை போனபோதே அவளிடம் திட்டு வாங்கினேன். மேல்செட்டு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. பெட்டிக்கடையில் பசை வாங்கி நானே ஒட்டி எடுத்துப் போயிருந்தேன்.

“இன்னா ஆயா இது? ஒரு பக்கம் ஏறிக்கினு நிக்குது. இன்னாத்த கடிச்ச?”

“இட்லிதான்.”

“மலையில இட்லிய கருங்கல்லுல சுடுறீங்களா?”

பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தாள். இரண்டு துண்டையும் பொருத்தி, உள்பக்கம் பள்ளம் வெட்டி, மெல்லிய ஸ்டீல் கம்பியைப் பதித்து, ரோஸ் கலர் மாவைப் பூசி இறுக வைத்தாள். “வெறுமனே ஒட்டுனா அங்கயே புட்டுக்கும் ஆயா. விரிசல் போற போக்குல கம்பி வச்சாலும் தாங்காது. குறுக்கதான் நிக்கணும்” என்றாள்.

மாட்டியதும் பேசச் சொல்வாள். எங்கே உராய்கிறது என்று அப்போதுதான் தெரியுமாம். நான் வேறென்ன பேசுவேன்? பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். “சந்தோசுன்னா மட்டும் விசில் அடிக்குது. அவன் பேர மாத்திடு” என்று சிரித்துக்கொண்டே கழற்றித் தேய்ப்பாள். மறுபடி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்வேன். ஈறு சுருங்கினால் செட்டு ஆடும் என்பதால், ஆறு வருஷமாக இப்படிப் போய் வந்தேன்.

கடைசியாகப் பொங்கலுக்கு முன்னால் போனேன். தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகமூடியை இறக்கி வெகுநேரம் இருமினாள்.

“தூசி ஜாஸ்தியா தனம்?”

“ஆமா ஆயா. நீ சொல்லு, சந்தோசுக்கு வேலை கெடச்சுதா?”

சொன்னேன். ஓசூர், கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு வரைக்கும் சொன்னேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. துக்கத்துக்குப் போனபோதுதான் இரண்டு மகள்களைப் பார்த்தேன். பெரியவள், “நீங்கதானே சந்தோஷோட ஆயா?” என்றாள். அவள் பெயரை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நாக்கால் தடவினால் அவள் கம்பி வைத்த இடம் லேசாக மேடு தட்டுகிறது. அது இருக்கிறது என்னிடம்.

அவள் கடைக் கதவில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரில் இருப்பது அவள் மாதிரியே இல்லை. ஏதோ கார்டுக்கு எடுத்த பழைய படமாம். வாயை இறுக்க மூடியிருக்கிறாள். அவளிடம் பல் சரிபார்த்தவர்கள் இதைப் படித்தால், தனம் சிரிக்கிற படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒன்றை அவள் மகள்களுக்குக் கொடுங்கள். ஒன்றை எனக்குத் தபாலில் போடுங்கள். என் பேரப்பிள்ளைகளின் படம் வீட்டுச் சுவர் முழுக்க இருக்கிறது. அவள் படம் ஒன்றுகூட இல்லை.