மாமா செருப்போடு நடந்த தெரு

போன வாரம் மகள் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்களும் வெள்ளை ஜனங்களும் நியாயம் கேட்டு ஊர்வலம் போகிறார்கள். அவர்கள் பிடித்திருந்த அட்டைகளைப் படித்துச் சொன்னாள். நான் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாமாவிடமிருந்து வந்த பழக்கம்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்பு வாசனை போகாது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு அமெரிக்காக்காரம்மா வருவார். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர். ஒருநாள் ஒரு பத்திரிகையை விரித்துக் காட்டினார். அவர் தேசத்துக் கறுப்பு ஜனங்கள், ஓட்டுப் போடவும் எல்லாரோடும் சமமாக உட்காரவும் உரிமை கேட்டு நடக்கிறார்களாம். அவரும் கூட நடந்தாராம்.

"அடிக்கலியாம்மா?" என்று மாமா கேட்டார்.

"அடிச்சாங்க. திரும்பவும் நடந்தோம்."

மாமா பத்திரிகையைக் கீழே வைக்கவில்லை. "எல்லார் காலையும் பாரு பாப்பா. இன்னா மாதிரி ஷூ! நம்ம கம்பெனித் தோலாக்கூட இருக்கும்."

வீட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் திரும்ப வேண்டும். என் பள்ளிக்கூடமும் அங்கேதான். தெருமுனை வந்தால் எங்கள் சேரி ஆட்களுக்குக் கை தானாகக் கீழே போகும். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். மாமாவும் குனிந்தார்.

"ஏன் மாமா கழட்டுற? அவங்கெல்லாம் போட்டுக்குனுதானே நடக்கறாங்க?" என்றேன்.

குனிந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு செருப்புக் காலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரே தைத்த புதுச் செருப்பு. சரக் சரக்கென்று கேட்டது.

"இன்னாடா, கால்ல முள்ளு குத்துதா?" என்றார் எதிரே வந்த ஊர்க்காரர் ஒருவர்.

"அதெல்லாம் குத்தாதுங்க. அதான் செருப்பு கீதே," என்றார் மாமா. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சாயங்காலம் நாலு பேர் வந்தார்கள். அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்பா "சாமி, சாமி" என்று கெஞ்சுவது மட்டும் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்த நேரம், மாமா அந்தச் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். பிள்ளைகள் ஜன்னலில் ஏறி நின்று சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் நானும் நின்றேன். அமெரிக்காவில் அடிபட்டும் நடந்தார்களாம், என் மாமா மட்டும் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். அம்மா விளக்குமாறு பிய்ய அடித்தாள். நான் போகவில்லை. அந்த வாரமே மாமா பெங்களூருக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "பள்ளிக்கூடம் போ கண்ணு. எனக்கோசரம் போ," என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவர் திரும்பி வரவேயில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் இறந்த சேதிதான் வந்தது. அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள். அந்த நாலு பேர், ஊர்க்காரர் முன்னால் சிரித்த பெண் இனி பள்ளிக்கூடத்துக்குக்கூட அந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்றார்களாம். "அவளை வுட்ருங்க. அதுக்கு நான் இன்னா செய்யணும்?" என்று மாமாதான் கேட்டாராம். என்னிடம் சொல்லக்கூடாதென்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கியிருந்தாராம்.

ஏன் அஞ்சாவதோடு நின்றாய் என்று யாராவது கேட்டால், வீட்டுக் கஷ்டம் என்று சொல்லிவிடுவேன்.