தோற்றவர் பரிமாற வேண்டும்

மாங்காய் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, கழுத்தில் தொங்கிய விசிலை ஊதிவிட்டு எங்கள் ஜிம் மாஸ்டர் அந்த விதியை அறிவித்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை. ஓசூரிலிருந்து நாங்கள், கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ஜிம், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து ஒரு ஜிம் என்று மூன்று கூட்டம் பனியனும் டிராக் பேண்ட்டுமாக நின்றுகொண்டிருந்தோம். "இது போட்டியில்ல, நட்பு" என்று ஆரம்பித்தார். அவர் எதை ஆரம்பித்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "கடைசியா கயிறு இழுக்கறதுல தோக்கற டீமோட மாஸ்டரு, ஜெயிச்ச டீமுக்குத் தன் கையால சாப்பாடு போடணும். மொதப் பந்தி ஜெயிச்சவங்களுக்கு. இதாங்க ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்." எல்லோரும் கை தட்டினோம். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்போது ஓசூருக்கு நான் புதிது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் என்னைப் போன்ற பையன்களுக்கு ஷிப்டு முடிந்தால் போக்கிடம் இரண்டுதான்: ஒயின் ஷாப் அல்லது ஜிம். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் எப்போதும் தன் உடம்புக்கு ஒரு அளவு சிறிய பனியன்தான் போடுவார். என்றைக்கோ வாங்கிய 'மிஸ்டர் மாவட்டம்' பட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார்; அந்த வருடம் மேடை ஏறியவர்களே மூன்று பேர், இவர் மூன்றாவது என்று டயர் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எடை தூக்கி நான் அவரைப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் தூக்கும்போது எண்ணுவார். போட்டோ எடுக்கும்போது மட்டும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கேமரா கீழே இறங்கும்வரை மூச்சு விடமாட்டார். அத்திப்பள்ளிக்காரர்களிடம் கன்னடம், உள்ளூர்க்காரர்களிடம் தெலுங்கு, கம்பெனி அதிகாரிகளிடம் உடைந்த இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் பொய் சொல்லத் தெரிந்தவர்.

அந்த விதியின் ரகசியமும் போகப் போகத்தான் விளங்கியது. கிருஷ்ணகிரி ஜிம்மை நடத்தியவர் ஒரு காலத்தில் இவரிடம் பயிற்சிக்கு வந்து, இவருடைய ஜிம்மையே கூட்டிப் பெருக்கியவர். அவர் தனியாகக் கடை போட்டதை இவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தன் இலையில் பிரியாணி போட வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். இதற்குத்தான் நட்பு, ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் எல்லாம். தான் தோற்கக்கூடும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. நினைக்காததற்குக் காரணம் அண்ணன்.

அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டவர் எங்கள் கம்பெனியிலேயே காண்டிராக்ட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். பேரிகைப் பக்கத்துக் கிராமம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். பேக்டரிக்கு வந்த முதல் ஆள் இவர். ஜிம்மில் உருவான உடம்பில்லை அது. தண்டாலில் நாங்கள் அவருக்குச் சமமாக நிற்போம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்கூட ஓரளவு ஈடு கொடுப்போம். ஆனால் கடைசி ஆட்டமான கயிறு இழுப்பில், கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் அந்தப் பக்கம் ஐந்து பேர் முக்கினாலும் ஒன்றும் நடக்காது. அவர் வந்து சேர்ந்த அன்று மாஸ்டர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எந்த ஊருப்பா?" என்றார். ஊரைச் சொன்னார். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். "காலனிங்க மாஸ்டர்" என்றார் அண்ணன். "அதனால என்னா, இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்று தோளில் தட்டினார் மாஸ்டர். எல்லோரும் ஒன்று என்றால் எதற்கு அந்தக் கேள்வி என்று என் புத்திக்கு அன்று தோன்றவில்லை.

அண்ணன் இழுத்தார், நாங்கள் ஜெயித்தோம். கிருஷ்ணகிரி மாஸ்டர் வாளியோடு வந்து, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், ஒவ்வொருவரிடமும் "போதுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். எங்கள் மாஸ்டர் பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "இன்னொரு பீஸு வைப்பா" என்று அவரை நிற்க வைத்துச் சாப்பிட்டார். அந்தப் பந்தியில் அண்ணன் இல்லை. இலை போடும் நேரம் பார்த்து ஐஸ் வாங்கிவர அவரை அனுப்பியிருந்தார் மாஸ்டர். அடுத்த போட்டியில் அண்ணன் கயிற்றைச் சுருட்டி வண்டியில் ஏற்றப் போனார். அதற்கடுத்ததில் தண்ணீர் கேன். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வருவதற்குள் பந்தி எழுந்திருக்கும். டிரைவர்களோடு உட்கார்ந்து அடிச்சட்டிச் சோற்றைச் சாப்பிடுவார். இது தற்செயல் என்று நம்புகிற அளவுக்கு நான் மட்டியாக இருந்தேன்.

ஒருமுறை சிறப்பு விருந்தினராக ஒரு கம்பெனி அதிகாரி வந்திருந்தார். 'டீம் ஒர்க்' பற்றி வெயிலில் எங்களை நிற்க வைத்து நெடுநேரம் பேசியவர். பந்தியில் உட்கார்ந்ததும், "கயிறு நுனியில இருந்தாரே, அவரைக் கூப்பிடுங்க, என் பக்கத்துல உக்காரட்டும்" என்றார். மாஸ்டர் இலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "அவனுக்குக் கூச்சம் சார். அவங்க பழக்கமே அப்படித்தான். தனியாச் சாப்பிட்டாத்தான் அவனுக்குத் திருப்தி." ஐஸ் மூட்டையோடு அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தார். சொட்டிய தண்ணீர் அவர் பேண்ட்டை நனைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி அவரைப் பார்த்தார், உடனே இலைக்குத் திரும்பிக்கொண்டார். டீம் ஒர்க்கில் இதற்குப் பதில் இல்லைபோல. அண்ணன் மூட்டையை இறக்கி வைத்தார், குருபரப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மறுநாளிலிருந்து ஜிம்முக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து கம்பெனி கேன்டீனில் என்னிடம் சொன்னார். பேரிகையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, தகர டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றிக் காயவைத்துக் குழாயில் மாட்டி, காலனிப் பையன்களையும் ஊருக்குள்ளிருந்து துணிந்து வந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பழக்குகிறாராம். அடுத்த போட்டிக்கு அவர்களும் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். "கப்பு வாங்கவாண்ணே?" என்று கேட்டேன். "கப்பை வெச்சு என்னா பண்றது தம்பி? அந்தாளு போட்ட ரூலுதான. ஒரே ஒரு தடவ, அவரு கையால என் இலையில போடணும். நானு உக்காந்திருக்கணும், அவரு குனியணும். அது போதும்." குரலை உயர்த்தவே இல்லை. சாம்பாரில் இட்லியைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

போட்டி நாளன்று தோப்பில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது. மாஸ்டருக்கும்தான். காலையிலிருந்தே எங்களை விரட்டினார். தண்டாலில் நாங்கள் முந்தினோம், மூட்டையில் பேரிகை முந்தியது, கடைசிக் கயிற்றுக்கு அவர்களும் நாங்களும் மிஞ்சினோம். 'இழு' என்று தமிழிலும், 'எளி' என்று கன்னடத்திலும், 'லாகு' என்று தெலுங்கிலும் கத்தினார்கள்; எங்களுக்காகக் கத்திய மாதிரி எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் குதிகால் மண்ணில் பதிந்தது. எங்களுக்குக் கை எரிந்ததுதான் மிச்சம். நடுக்கோட்டைத் தாண்டி ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், மாஸ்டரைக் காணோம்.

அண்ணன் கை கால் கழுவி, பந்தியின் முதல் இலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய பையன்கள். இலைகளில் தண்ணீர் தெளித்தாயிற்று, பிரியாணி வாளி வந்தாயிற்று. அப்போதுதான் தன் கார்ப் பக்கத்திலிருந்து வந்தார் எங்கள் மாஸ்டர். வலது கையை மடக்கி ஒரு பூத்துவாலையால் கழுத்தோடு கட்டியிருந்தார். "தோள்பட்ட எறங்கிடுச்சுப்பா. கையே தூக்க முடியல" என்றார். அந்த மனிதர் அன்று தொட்டது விசில் ஒன்றுதான். விசில் ஊதித் தோள்பட்டை இறங்கிய ஆளை மருத்துவமே பார்த்திருக்காது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். "பசங்க போடுவாங்க, சாப்டுங்க. நட்புதான முக்கியம்" என்று எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நாங்கள் அசையவில்லை.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எடது கை நல்லாத்தான இருக்குது மாஸ்டர்? எடது கையால போடுங்க. நானு ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டேன்."

இடது கையால் சோறு போட்டால் பிச்சைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர் இது. அதையும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டரின் இடது கை வாளியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்ததை நான் பார்த்தேன். குனியத்தான் முடியவில்லை அவரால். கரண்டி அவருக்குப் பாரமில்லை, அந்தக் குனிவுதான் பாரம். "ஆஸ்பத்திரிக்குப் போவணும், வலி தாங்கல" என்று முணுமுணுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார், ஏறினார். கிளப்பியவர், தோப்பின் குறுகலான வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்ப இரண்டு கையும் தேவைப்பட, துவாலையிலிருந்து வலது கையை உருவி ஸ்டீயரிங்கைப் பிடித்து நன்றாகச் சுழற்றிவிட்டுப் போனார். மூன்று மொழியிலும் சிரிப்பு எழுந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, அருவருப்புதான் வருகிறது. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கிருஷ்ணகிரி மாஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். "நானு போடறேங்க" என்றார். அண்ணன் இலையின் மேல் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க தோக்கலியே மாஸ்டர். பசங்களுக்குப் போடுங்க, பசியா இருக்கறாங்க" என்றார். பையன்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காலி இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றை வாங்கிக்கொள்ளவும் அவர் தயாராக இல்லை. கடைசியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அதோடு அந்த நட்புப் போட்டியும் நின்றுபோயிற்று.

இப்போது நான் அதே கம்பெனியில் ஷிப்டு பொறுப்பாளன். ஆகவே மாஸ்டர் என்னைத் 'தம்பி' என்பதில்லை, 'சார்' என்கிறார். டயர் கடை இருந்த இடத்தில் மூன்று மாடிக்கு ஏ.சி. ஜிம் கட்டிவிட்டார். போன மாதம் போன் செய்தார். பழைய போட்டியை மறுபடி நடத்தப் போகிறாராம், கம்பெனி சார்பில் பனியன் அடித்துத் தர வேண்டுமாம், பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட வேண்டுமாம். "ரூல் எல்லாம் அதேதானா மாஸ்டர்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப பந்தியே கெடையாது, பஃபேதான். அவங்கவங்க தட்டுல அவங்கவங்களே போட்டுக்கலாம். சுத்தமும் ஆச்சு, யாரும் யாருக்கும் கொறச்சல் இல்லன்னும் ஆச்சு பாருங்க" என்றார். தேடித் தேடிக் கடைசியில் யாருக்கும் குனிய வேண்டாத ஒரு விருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குச் சமத்துவம் என்று பெயரும் வைத்துவிட்டார்.

அன்று மாலை பேரிகைக்குப் போன் போட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்றார். "பஃபேயாம்ணே. ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கணுமாம்" என்றேன். அன்று தோப்பில் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார்.

"அப்போ, அந்தாளுக்குக் கை இன்னும் சரியாவலியா தம்பி?"